சோற்றையும் சொதியையும் விடத் தேவையில்லை

வருடாந்தப் பரிசோதனைக்குப் போய்வரும் எம்மவர் பலர் ஒரே செய்தியுடன்தான் வீடு திரும்புகிறார்கள். "சீனி கரையில நிக்குதாம். சோத்தைக் குறைக்கட்டாம், தேங்காயை விடட்டாம்."

அதன்பின் நடப்பது பெரும்பாலும் இரண்டு விதம். சில வீடுகளில் மறுநாளே அரிசி மூட்டை நிலக்கீழ் அறைக்கு இறங்கிவிடும். காலையில் ஓட்ஸ் கஞ்சி, இரவில் உப்புப் புளி இல்லாத அவித்த புரோக்கொலி. மூன்றாவது கிழமை ஒரு கலியாண வீடு வரும். அன்றோடு எல்லாம் முடிந்துவிடும். வேறு சில வீடுகளில் பரிசோதனைத் தாள் நேரே மேசை லாச்சிக்குள் போய்விடும். "எங்கட அப்பு சோறும் தேங்காயும் திண்டுதானே எண்பது வயதுவரை இருந்தவர்" என்ற நியாயம் எப்போதும் கைவசம் இருக்கும்.

இரண்டு வழியிலும் சீனி ஏறிக்கொண்டுதான் போகும். விருப்பமில்லாமல் உண்ணும் உணவை எவராலும் வருடக்கணக்கில் உண்ண முடியாது. எனவே எங்கள் உணவை எங்கள் உணவாகவே வைத்துக்கொண்டு, சுவைத்துச் சாப்பிட்டு, இந்த ஊரில் உடல்நலத்தோடு வாழ்வது எப்படி என்பதையே இம்முறை நலவாழ்வுப் பக்கத்தில் பார்க்கிறோம்.

ஏன் எங்களுக்கு மட்டும்?

2000ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ இதழில் ஒரு கனடிய ஆய்வு வெளியானது. மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் டொக்டர் சோனியா ஆனந்தும் குழுவினரும் ஹமில்ரன், ரொறன்ரோ, எட்மண்டன் நகரங்களில் வாழும் தெற்காசிய, சீன, ஐரோப்பிய வம்சாவழியினரை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இருதய, இரத்தக்குழாய் நோய்கள் ஐரோப்பியரில் 5 வீதமாகவும் சீனரில் 2 வீதமாகவும் இருக்க, தெற்காசியரில் 11 வீதமாக இருந்தன. எல்லோரும் இதே நாட்டின் நகரங்களில், இதே மருத்துவ வசதிகளோடு வாழ்பவர்கள்தான்.

ஒரே எடையுள்ள ஓர் ஐரோப்பியரையும் எம்மவரையும் எடுத்துக்கொண்டால், பொதுவாக எம்மவரிடம் தசை குறைவு, வயிற்றைச் சுற்றிய கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பு இன்சுலினைச் சரிவர வேலைசெய்ய விடுவதில்லை. இதனால்தான் "நான் மெலிந்த ஆள், எனக்கு வராது" என்ற கணக்குப் பிழைக்கிறது. தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்ரிமீற்றரையும் பெண்களில் 80 சென்ரிமீற்றரையும் தொட்டால் கவனம் தேவை என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் சொல்கிறது. காற்சட்டை அளவை நம்பவேண்டாம். மூச்சை வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைப் பிடித்துப் பாருங்கள்.

பரிசோதனைத் தாளை விளங்கிக்கொள்ளச் சில எண்கள் போதும். வெறும் வயிற்றில் எடுத்த சீனி 6.1 முதல் 6.9 வரை இருந்தால் அது முன்நிலை, 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. மூன்று மாத அளவைக் காட்டும் ஏ1சி 6.0 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. ஊரிலுள்ள உறவினர் தொலைபேசியில் "எனக்கு 126" என்று சொன்னால் திகைக்கவேண்டாம். அங்கு வேறு அலகு. இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் வரும், எங்கள் 7.0தான் அவர்களின் 126. கனடாவில் 40 வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்யப்படவேண்டும். தெற்காசியர் அதிக ஆபத்துள்ள பிரிவினர் என்பதால் அதற்கு முன்னரே, அல்லது இன்னும் அடிக்கடி செய்வது பற்றிக் குடும்ப வைத்தியரிடம் நாமே கேட்கலாம்.

சனிக்கிழமை இரவு

அப்பு எண்பது வயதுவரை இருந்த கதைக்கு வருவோம். அவர் தோட்டத்துக்கு நடந்தார், சைக்கிளில் சந்தைக்குப் போனார், கிணற்றில் தண்ணீர் அள்ளினார். ஆட்டிறைச்சி தீபாவளிக்கும் விருந்தாளி வந்தால் மட்டும்தான். ரோல்ஸும் கேக்கும் யாருடையவோ பிறந்தநாளுக்கு. நாமோ அவருடைய கோப்பையை மட்டும் விமானத்தில் கொண்டுவந்துவிட்டு, அவருடைய சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டோம். (இப்போது ஊரிலும் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அங்கும் சலரோகம் பெருகித்தான் இருக்கிறது.)

றிச்மண்ட் ஹில்லில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் கிழமையைப் பாருங்கள். கணவன் காலை வேலை, மனைவி பின்னேர வேலை, அல்லது மாறி. பிள்ளைக்கு நடனம், மிருதங்கம், கணக்கு வகுப்பு. திங்கள் முதல் வெள்ளிவரை ஆளுக்கொரு நேரத்தில் மைக்ரோவேவில் சூடாக்கி, நின்றபடியே சாப்பாடு. சனிக்கிழமை மார்க்கத்திலோ ஸ்காபரோவிலோ ஒரு மண்டபம்: பிறந்தநாள், சாமத்திய வீடு, கலியாண வரவேற்பு, அரங்கேற்றம். கோடை என்றால் ஒரே நாளில் இரண்டு அழைப்பு. ஆறு மணிக்கு என்று அட்டையில் போட்டிருக்கும். ஏழரைக்கு ரோல்ஸ், வடை, பற்றீஸ், குளிர்பானம். பேச்சு, நடனம், படம் பிடித்தல் எல்லாம் முடிந்து பிரதான சாப்பாடு வர இரவு பத்தாகிவிடும். அப்போது பசி இல்லாதவரும் சாப்பிடுவார், ஏனென்றால் பிரியாணி வந்துவிட்டது. பிறகு வாகனத்தில் ஏறி, வீட்டுக்கு வந்து, நேரே படுக்கை.

ஊரில் வருடத்துக்கு நாலைந்து முறை வந்த கொண்டாட்டச் சாப்பாடு இங்கு கிழமைக்கு ஒருமுறை வருகிறது. எங்கள் சமையலின் குற்றம் என்று சொல்வதைவிட எங்கள் நாட்காட்டியின் குற்றம் என்றே சொல்லவேண்டும்.

கொண்டாட்டங்களுக்குப் போகவேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். இந்தக் குளிர்நாட்டில் மனிதர் முகம் பார்க்க அதுதானே வழி. ஆனால் போகுமுன் வீட்டில் ஒரு கிண்ணம் பருப்போ சுண்டலோ சாப்பிட்டுவிட்டுப் போனால் ஏழரை மணி ரோல்ஸ் நாலு ஒன்றாகிவிடும். விழா நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு: சாப்பாட்டை எட்டு மணிக்குப் போடுங்கள், பேச்சுகளைப் பிறகு வையுங்கள். பேச்சும் சுருங்கும்.

கோப்பையில் என்ன மாற்றலாம்?

2019இல் வெளிவந்த கனடிய உணவு வழிகாட்டி ஒரு கோப்பையின் படத்தைக் காட்டுகிறது. அரைவாசி மரக்கறியும் பழமும், கால்வாசி தானியம், கால்வாசி புரதம். அதில் பாஸ்ரா இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவரவர் உணவுப் பண்பாடு ஆரோக்கிய உணவின் ஒரு பகுதியாகலாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது.

எங்கள் கோப்பையில் கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, மிகுதி கீரை, பயற்றங்காய், கத்தரிக்காய், பாகற்காய், வல்லாரைச் சம்பல். கறிகள் எல்லாம் ஏற்கெனவே எங்களிடம் உள்ளவைதான். மாறவேண்டியது பங்கு மட்டும். வழமையாக நாம் சோற்றை மலையாக்கிக் கறியை ஓரத்தில் தொட்டுக்கொள்கிறோம். முதலில் கறிகளைப் போட்டு, மிச்ச இடத்தில் சோற்றைப் போடுங்கள். ஓர் அளவுக்கோப்பை, அதாவது 250 மில்லிலீற்றர் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. மூன்று துண்டுப் பாணில் இருப்பதும் அவ்வளவுதான். பாணைத் துண்டுக் கணக்கில் எண்ணும் நாம் சோற்றை அகப்பைக் கணக்கில்கூட எண்ணுவதில்லை.

தவிட்டோடு உள்ள சிவப்பரிசி, குரக்கன் மா, ஆட்டா மா ஆகியவற்றில் நார்ச்சத்து அதிகம். நல்லவைதான். ஆனால் சிவப்பு என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் ஆதாயம் போய்விடும். இடியப்பமும் அரிசி மாவே. தட்டில் இலேசாகத் தெரிவதால் எண்ணிக்கை மறந்துபோகும். புட்டுக்கு உருளைக்கிழங்குக் கறி என்பது மாவுக்கு மாவே துணை. அதே புட்டை மீன் குழம்போடும் கீரையோடும் சாப்பிட்டால் சீனி ஏறும் வேகமும் குறையும், எம் அபிப்பிராயத்தில் ருசியும் கூடும்.

தேங்காய்தான் வீட்டுக்கு வீடு வழக்கு நடக்கும் விடயம். தேங்காய்க் கொழுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ற்றோலைக் கூட்டுவது உண்மை. "இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்று சுற்றிவரும் செய்திகளை நம்பவேண்டாம். அதற்காகச் சொதியை நாடு கடத்தவும் வேண்டாம். அம்மாமார் ஊரில் சொதி வைத்தது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பாலில். முதற்பால் இறக்கும்போது கொஞ்சம்தான். இங்கே தகரத்தில் வருவது தடித்த பால். அதை அப்படியே ஊற்றினால் எல்லாக் கறியும் முதற்பால் கறியாகிவிடும். கால் தகரத்தை மூன்று மடங்கு தண்ணீரில் கரைத்து, வெந்தயமும் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் போட்டு, இறக்கித் தேசிக்காய் பிழிந்து பாருங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் தேங்காய் ஒரு கறிக்கு மட்டும் என்றும் வைத்துக்கொள்ளலாம். சொதி உள்ள அன்று சம்பல் வேண்டாம்; சம்பல் அரைத்த அன்று மற்றக் கறிகள் தூள் கறிகளாக இருக்கட்டும்.

உப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு நாளைக்கு 2300 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் போகவேண்டாம் என்பது கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுரை. அது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் ஒரே நாளில் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொதிகளின் முன்பக்கத்தையும் பாருங்கள். நிறைவுற்ற கொழுப்பு, சீனி, சோடியம் ஆகியவற்றில் ஏதாவது கூடிய உணவுகளில் கறுப்பு வெள்ளைப் பூதக்கண்ணாடிப் படம் ஒன்று 2026 ஜனவரி 1 முதல் கனடாவில் கட்டாயம். இறக்குமதியாகும் முறுக்கு, மிக்சர், பிஸ்கற் பொதிகளுக்கும் இது பொருந்தும். ஒன்ராறியோவில் 2017இலிருந்து 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் கலோரி அளவைப் பட்டியலில் போடவேண்டும். எங்கள் கொத்துரொட்டிக் கடைகளுக்கு அத்தனை கிளைகள் இல்லாததால் அங்கே எண் தெரியாது. ஒரு பெட்டிக் கொத்தை இருவர் பகிர்ந்து, வீட்டில் ஒரு சலாதும் வைத்துக்கொள்வது நல்ல கணக்கு.

வேலைக்குப் போகும் வழியில் வாங்கும் 'டபிள் டபிள்' கோப்பியையும் மறக்கவேண்டாம். இரண்டு கிறீம், இரண்டு சீனி. 2004இல் கனடிய ஒக்ஸ்போர்ட் அகராதியிலேயே இடம்பிடித்த சொல் அது. நாளைக்கு மூன்று குடிப்பவர், வீட்டில் சோற்றைக் குறைத்து என்ன பயன்?

கூடி இருந்து குடிக்கும் கூழ்

அதே உணவு வழிகாட்டியில் எங்களுக்கு மிகவும் பிடித்த வரிகள் கோப்பையைப் பற்றியவை அல்ல. உணவை அனுபவித்து உண்ணுங்கள், மற்றவர்களோடு சேர்ந்து உண்ணுங்கள், அடிக்கடி வீட்டில் சமையுங்கள் என்று ஓர் அரசாங்கம் அச்சடித்துச் சொல்கிறது. எங்களுக்கு இது புதிதல்ல. ஒடியற்கூழ் குடித்து வளர்ந்தவர்கள் நாம்.

கூழைத் தனியாக ஒருவருக்குக் காய்ச்ச முடியாது. பானை பெரிதாக இருந்தால்தான் அது கூழ். ஒடியல் மாவை நேரத்தோடு தண்ணீரில் ஊறவைத்து, மேல் தண்ணீரை வடித்துவிடவேண்டும். ஒருவர் நண்டு உடைப்பார், ஒருவர் இறால் துப்பரவாக்குவார், இன்னொருவர் பயற்றங்காய் முறிப்பார், பலாக்கொட்டை உரிப்பார். மரவள்ளிக்கிழங்கு, மீன், ஒரு பிடி அரிசி, முருங்கையிலை, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. ஊரில் பனையோலைப் பிளாவில் குடித்தோம், இங்கே கிண்ணத்தில். பெப்ரவரி மாதத்து ஞாயிறு மத்தியானம், வெளியே பனி கொட்ட, மூக்கு ஒழுக ஒழுக உறைப்புக் கூழ் குடிக்கும் இன்பத்துக்கு எந்த உணவகமும் ஈடில்லை.

உடல்நலக் கணக்கிலும் கூழ் மோசமில்லை. பொரியல் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, மீனும் இலையும் நிறைய. ஒடியலும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் மாச்சத்து என்பதால் சலரோகக்காரர் ஒரு கிண்ணத்தோடு நின்று, அதில் மீனையும் காயையும் கூடுதலாக அள்ளிக்கொள்வது நல்லது. நண்டு, இறால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ந்து உண்ணுவது முதியவர்களுக்கு இன்னும் முக்கியம். பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போனபின், வாகனம் ஓட்டத் தெரியாத அம்மம்மாவுக்கு இந்தப் பரந்த வீடுகளின் வீதி ஒரு வெறும் வீதி. தனக்கென்று ஒருவரும் சமைப்பதில்லை. இரண்டு துண்டுப் பாணும் தேத்தண்ணியும் மத்தியானச் சாப்பாடாகிவிடும். உடல் மெலிவதை "வயது" என்று விட்டுவிடுகிறோம். கிழமையில் இரண்டு நாளாவது அயலிலுள்ள இரண்டு மூன்று முதியவர்களை ஒரு வீட்டில் சேர்த்து, மத்தியானம் ஒன்றாகச் சாப்பிட ஒழுங்கு செய்யுங்கள். பேவியூ அவெனியூவிலுள்ள பிள்ளையார் கோவிலுக்கு யாராவது போகும்போது அவர்களுக்கும் வாகனத்தில் ஓர் இடம் கொடுங்கள்.

கோவில் என்றதும் ஒரு முக்கிய எச்சரிக்கை. கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் இன்சுலின் போடுபவர்களும், சீனியைக் குறைக்கும் சிலவகைக் குளிசைகள் எடுப்பவர்களும் வழமையான அளவையே எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே பழச்சாறோ சீனித் தண்ணீரோ குடிக்கவேண்டும். விரதம் தொடங்குமுன்னரே வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ பேசி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

நடப்பதற்கு இடமா இல்லை?

நடையைப் பற்றி எங்கள் மண்ணுக்கு அருகிலேயே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. சென்னையில் டொக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சலரோகத்தின் முன்நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் செய்து, 2006இல் வெளியிட்டார்கள். வழமைபோல் இருந்தவர்களில் மூன்று வருடத்தில் 55 வீதமானோருக்குச் சலரோகம் வந்தது. நாளாந்தம் அரை மணிநேர நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் அது ஏறத்தாழ 39 வீதம். சராசரி எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. தராசு இறங்கவில்லை என்று நடையை நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

றிச்மண்ட் ஹில் இதற்கு வசதியான ஊர். மில் பொண்ட் குளத்தைச் சுற்றிய பாதை வயதானவர்களுக்கும் ஏற்றது. கொஞ்சம் வடக்கே போனால் லேக் வில்கொக்ஸ் ஏரிக்கரை, ஓக் றிட்ஜஸ் காட்டுப்பாதைகள். பனிக்காலத்தில் யங் வீதியிலுள்ள ஹில்கிரெஸ்ட் மோலுக்குள் நடக்கலாம். பணப்பையை வீட்டில் விட்டுப் போவது உத்தமம். இரவுச் சாப்பாட்டுக்குப்பின் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி குறையும்.

பனி அள்ளுவதை மட்டும் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான தரவுகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், 20 சென்ரிமீற்றர் பனி கொட்டியதற்கு மறுநாள், ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் சாத்தியம் பனியில்லாத நாளைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. வருடம் முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு, விடியற்காலைக் குளிரில் ஈரப்பனியைத் தூக்குவது இருதயத்துக்குப் பெரும் சுமை. கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள், அல்லது இளையவர்களிடம் விடுங்கள். மார்பில் இறுக்கம் வந்தால் உடனே 911.

சந்தேகம் எதுவானாலும் ஒன்ராறியோவில் 811ஐ அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் ஒரு தாதியோடு இலவசமாகப் பேசலாம். நீரிழிவுக் கல்வி நிலையங்களில் உணவு ஆலோசகரைச் சந்திக்கவும் கட்டணம் இல்லை. போகும்போது நீங்கள் உண்மையில் சாப்பிடுவதை எழுதிக்கொண்டு போங்கள். புட்டு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாகப் பின்வளவு. கீரைக்கு இங்கே விலை அதிகம் என்பவர்கள் அதையே நட்டுப் பார்க்கலாம். குனிந்து நிமிர்வதும் தண்ணீர் விடுவதும் தனியாக ஒரு பயிற்சி. விக்ரோறியா தின விடுமுறைக்கு, அதாவது மே 25க்கு முந்திய திங்களுக்குப் பிறகு உறைபனி விழுவது அரிது. அதன்பின் மிளகாய், கத்தரி, வெண்டி, பயற்றைக் கன்றுகளை வெளியே நடலாம். வெண்டியையும் நீளக் கத்தரியையும் இந்த மாகாணத்தில் பயிரிடுவது பற்றி ஒன்ராறியோவின் வைன்லாண்ட் ஆராய்ச்சி நிலையமே ஆராய்ந்திருக்கிறது. முளைக்கீரை விதையைத் தூவினால் ஒரு மாதமளவில் முதற்பிடி கிள்ளலாம். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை ஆகியவற்றைப் பெரிய சாடிகளில் வையுங்கள். செப்ரெம்பர் கடைசியில் இரவுக் குளிர் கூடத் தொடங்கியதும் அவற்றை உள்ளே எடுத்து, தெற்குப் பக்க யன்னலோரத்தில் வைத்து, தண்ணீரைக் குறைத்துவிட்டால் அடுத்த மே வரை உயிரோடு இருக்கும்.